மடியோடு லண்டன் போன மாமன்மார்

ஆலடிப்புதூர் மாவு மில் அண்ணன் தம்பிகள் நாலு பேரும் விமானத்தில் லண்டன் போய் வந்ததைப் பற்றி ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

மூத்தவர் ஆவுடையப்பன். அடுத்தவர் சங்கிலிபூதம். மூன்றாமவர் சொரிமுத்து. ஆண்களில் கடைக்குட்டி கோமதிநாயகம், கடைக்குட்டி என்றாலும் வயது நாற்பத்தொன்று. மில்லில் ஒருவர் சுவிட்சைப் போடுவார், ஒருவர் அரிசியைக் கொட்டுவார், ஒருவர் மாவைப் பிடிப்பார், ஒருவர் சுவிட்சை அணைப்பார். போடுகிறவர் வராத நாளில் மில் ஓடாது. அணைக்கிறவர் வராத நாளில் மில் நிற்காது.

நாலு பேருக்கும் ஒரே தங்கச்சி, பிரம்மசக்தி. அப்பா அம்மா போன பிறகு இவர்கள்தான் அவளை வளர்த்துப் படிக்க வைத்தார்கள். அந்த வீட்டுக்கென்று சாமி ஒதுக்கிய புத்தி மொத்தமும் கடைசியாகப் பிறந்தவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. அண்ணன்மாருக்கு அதில் வருத்தம் கிடையாது. "சிதறிப் போகாம ஒரே இடத்துல இருக்குல்லா, அதுவரைக்கும் நல்லது" என்பார் ஆவுடையப்பன்.

சக்தி கல்யாணமாகி லண்டனில் இருந்தாள். பத்து வருஷம் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்ட பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. காதுகுத்து வைக்க வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? "அவங்க அவ்வளவு தூரம் எப்படி வருவாங்க? இங்க யார் மடியிலயாவது வச்சுக் குத்திடலாம்" என்று சக்தியின் மாமனார் சொன்னார். சக்திக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு நாலு அண்ணன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது என் பிள்ளை எதுக்கு அடுத்தவங்க மடியில உக்காரணும்?" என்று கேட்டுவிட்டு, நாலு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். விமானம் இறங்குகிற அன்றைக்கே மத்தியானம் மூன்று மணிக்கு விசேஷம்.

ஒரே ஒரு பயம்தான் அவளுக்கு. போன வருஷம் அவள் மாமனார் ஊரிலிருந்து வந்தபோது, பதினோரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கி, ஒரு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அண்ணன்மாருக்கு அப்படி ஆகிவிடக் கூடாதே என்று போன் போட்டாள்.

"பெரியண்ணே, நல்லாக் கேட்டுக்கோ. இங்க குளிரும், வேட்டி சரிவராது, பேன்ட் போடுங்க. ஆனா இறுக்கமாப் போடக் கூடாது, நல்லா தொளதொளன்னு இருக்கணும். தண்ணி நிறையக் குடிங்க. ஏறி உக்காந்ததும் வாட்சை அஞ்சரை மணி நேரம் பின்னால தள்ளி வச்சு, இந்த ஊரு நேரத்துக்கு மாத்திரு. மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நடங்க. என்ன வேணும்னாலும் அங்க வேலை பாக்குற பொண்ணுககிட்ட கூச்சப்படாமக் கேளுங்க."

"சரி தாயி."

"எல்லாத்தையும் விட முக்கியம், உன் மடியைப் பத்திரமாக் கொண்டு வந்து சேரு. என் பிள்ளை அதுலதான் உக்காரணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டுத் தம்பிகளைப் பார்த்தார். "கேட்டீங்களால? புடவை கேக்கல, நகை கேக்கல. என் மடியைத்தான் கேட்டிருக்கா. ஒரு கீறல் இல்லாமக் கொண்டு போய்ச் சேத்துரணும்."

மறுநாள் டெய்லர் அருளானந்தத்திடம் போனார்கள்.

"எவ்வளவு தொளதொள?" என்றார் அருளானந்தம்.

"நல்லா தொளதொளன்னு சொல்லியிருக்கா."

"நல்லான்னா?"

நாலு பேரும் யோசித்தார்கள். கடைக்கு எதிரே அவர்கள் மில் வாசலில் ஒரு நெல் மூட்டை இருந்தது. சொரிமுத்து அதைக் காட்டி, "அதுக்கு அளவு எடுங்க. மூட்டைக்கே தொளதொளன்னு இருந்தா நமக்குக் கண்டிப்பா இருக்கும்" என்றார். அருளானந்தம் தொழில் தர்மம் தெரிந்தவர். மூட்டைக்கு அளவெடுத்து, மூட்டையைவிட நாலு விரல் கூடுதலாகவே தைத்துக் கொடுத்தார். ஆளுக்கொரு பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ரயிலேறி, சென்னையில் ஒரு லாட்ஜில் தங்கி, விடிவதற்கு முன்பே விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். ஆளுக்கு ஒரு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் கையில்.

சோதனை செய்கிற இடத்தில் ஒரு மீசைக்கார அதிகாரி பாட்டிலைப் பார்த்தார். "தண்ணி உள்ளே கொண்டு போகக் கூடாது."

தங்கச்சி குடிக்கச் சொன்ன தண்ணீர். கொட்ட மனம் வருமா? அங்கேயே வரிசையாக நின்று, நாலு பேரும் நாலு பாட்டிலையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்கள். அதிகாரி காலிப் பாட்டில்களை வாங்கிக்கொண்டு, "சரி, போங்க" என்றார்.

ஆவுடையப்பன் நகரவில்லை. அவர் யாரையும் ஏமாற்றிப் பழகாதவர். அதிகாரியின் காதோரம் குனிந்து, "சார், உங்ககிட்ட ஒண்ணு மறைக்கக் கூடாது. தண்ணி இப்பவும் உள்ளேதான் இருக்கு" என்றார்.

"எங்க?"

ஆவுடையப்பன் வயிற்றைக் காட்டினார். தம்பிகளும் ஒவ்வொருவராகக் காட்டினார்கள்.

அதிகாரி மீசையைத் தடவினார். "அது உங்க சொந்தத் தண்ணி. அதுக்குத் தடை இல்லை. பெல்ட்டைக் கழட்டித் தட்டுல வச்சிட்டு, ரெண்டு கையையும் தூக்கிட்டு வாங்க."

இங்கேதான் சிக்கல் வந்தது. பெல்ட்டைக் கழற்றியதும் பேன்டைப் பிடித்தாக வேண்டும். கையைத் தூக்கினால் பேன்டைப் பிடிக்க முடியாது. நாலு பேரும் ஓரமாக ஒதுங்கி ஆலோசித்தார்கள்.

"அவரு நம்ம கையைத்தானே தூக்கச் சொன்னாரு? ஒருத்தன் கையைத் தூக்கட்டும், இன்னொருத்தன் பேன்டைப் பிடிக்கட்டும்" என்றார் சங்கிலிபூதம்.

அப்படியே நடந்தது. ஆவுடையப்பன் கையைத் தூக்கினார், சங்கிலிபூதம் பின்னால் நின்று அண்ணன் பேன்டைப் பிடித்தார். சங்கிலிபூதம் தூக்கும்போது சொரிமுத்து பிடித்தார். சொரிமுத்துவுக்குக் கோமதிநாயகம் பிடித்தார். கோமதிநாயகத்துக்குப் பிடிக்க ஆள் இல்லை. அவர் திரும்பி, பின்னால் கோட்டும் டையுமாக நின்ற ஒருவரிடம், "கொஞ்சம் பிடிச்சுக்கிடுதீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மனிதர் நல்லவர். பிடித்துக்கொண்டார்.

விமானத்தில் ஏறி, நடுவரிசையில் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மணி ஐந்து ஐந்து. ஆவுடையப்பன் வாட்சைத் திருகி ஐந்தரை மணி நேரம் பின்னால் தள்ளினார். முள் பதினொன்று முப்பத்தைந்துக்குப் போனது. தேதி பதினெட்டிலிருந்து பதினேழுக்குப் போனது.

கோமதிநாயகம் எட்டிப் பார்த்தார். "அண்ணே, டிக்கெட்ல பதினெட்டுன்னுல்லா போட்டிருக்கு?"

நாலு பேர் முகமும் வெளுத்துவிட்டது.

"அப்ப நாளைக்கு ஏற வேண்டிய விமானத்துல இன்னைக்கே ஏறிட்டோமா?" என்றார் சொரிமுத்து.

"அது போகட்டும்ல" என்றார் சங்கிலிபூதம். அவர் எப்போதும் ஒரு படி மேலே யோசிப்பவர். "பதினேழாம் தேதி ராத்திரி பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு நாம எங்க இருந்தோம்?"

"லாட்ஜுல தூங்கிக்கிட்டு இருந்தோம்."

"இப்ப மணி பதினொண்ணு முப்பத்தஞ்சு. அப்படின்னா அங்க நாலு பேரு தூங்கிக்கிட்டு இருக்கானுக. அவனுகளை யாரு எழுப்புறது? எழுப்பலைன்னா விமானத்தை விட்டுருவானுகளே!"

ஆவுடையப்பன் பதறிப்போய்த் தலைக்கு மேலிருந்த பொத்தானை அமுக்கினார். ஷெர்லின் என்ற பணிப்பெண் வந்தாள். நாகர்கோவில்காரி. தென்பாண்டிப் பேச்சு அவளுக்குப் பழக்கம்தான். இந்தப் பேச்சு மட்டும் புதிது.

"தாயி, லாட்ஜுக்கு ஒரு போன் போடணும். எட்டாம் நம்பர் ரூம்ல நாங்க நாலு பேரும் தூங்குதோம். எழுப்பி விடச் சொல்லணும்."

ஷெர்லின் அவர் முகத்தைப் பார்த்தாள். வாட்சைப் பார்த்தாள். டிக்கெட்டைப் பார்த்தாள். பத்து வருஷம் வானத்தில் வேலை பார்த்தவள், ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டாள்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி, எழுப்பியாச்சு. வந்துக்கிட்டே இருக்காங்க."

வாட்சில் சரியாகப் பன்னிரண்டு ஆனது. தேதி பதினெட்டுக்கு மாறியது. அந்த நிமிஷமே விமானம் ஓட ஆரம்பித்தது.

"பாத்தியால, டிக்கெட்டு தேதி பிறக்கிற வரைக்கும் கிளப்பாம நிறுத்தி வச்சிருந்திருக்காங்க" என்று மெச்சிக்கொண்டார் சொரிமுத்து.

ஆவுடையப்பனுக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. விமானம் மேலே ஏறி நேரானதும் ஷெர்லினைக் கூப்பிட்டு, "லாட்ஜு ஆளுக வந்து சேந்துட்டாங்களா?" என்றார்.

"வந்தாச்சு அண்ணாச்சி. உங்க சீட்டுலதான் உக்காந்திருக்காங்க."

ஆவுடையப்பன் இரண்டு பக்கமும் முழங்கையை அசைத்துப் பார்த்தார். "அதான் இவ்வளவு நெருக்கமா இருக்கு."

ஒரு மணி நேரம் ஆனதும் நடக்க எழுந்தார்கள். எந்தப் பக்கம் நடப்பது? முன்பக்கம் லண்டன், பின்பக்கம் ஆலடிப்புதூர். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முன்பக்கமாகவே நடந்து, திரை தொங்கிய இடத்தில் முட்டி நின்றார்கள்.

"திரும்பி நடந்தா, லண்டனைப் பாத்து நடந்த தூரம் பூரா வீணாப் போயிரும்" என்றார் கோமதிநாயகம்.

அங்கேயே நின்றுவிடலாம் என்றால் ஷெர்லின் விடவில்லை. சொரிமுத்து ஒரு வழி சொன்னார். "மூஞ்சி லண்டனைப் பாத்தபடியே இருக்கட்டும். காலு மட்டும் பின்னால வரட்டும். அது திரும்புறதுல சேராது."

பெல்ட்டைச் சோதனைத் தட்டிலேயே மறந்துவிட்டு வந்த நாலு பேரும் பேன்டைப் பிடித்தபடி, பின்பக்கமாகவே நடந்து வந்தார்கள். கண் இல்லாத பக்கம் போவதால் ஒரு வரிசை தள்ளிப் போய்விட்டது. கடைசியில் வந்த கோமதிநாயகம் தன் சீட்டு என்று நினைத்து உட்கார்ந்தது, ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் மடியில். பெரியவர் பதறி எழுந்தார். கோமதிநாயகமும் எழுந்தார். இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

சொரிமுத்து மட்டும் அந்தப் பெரியவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, அவரு உக்காந்திருந்தப்ப மடி இருந்துச்சு. எந்திரிச்சதும் மடியைக் காணோம்."

ஆவுடையப்பன் குனிந்து தன்னைப் பார்த்தார். அவரும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் மடி இல்லை.

"ஐயோ! தங்கச்சி கேட்ட பொருளு!"

சட்டென்று சீட்டில் உட்கார்ந்தார். மடி வந்துவிட்டது. எழுந்தார். போய்விட்டது. உட்கார்ந்தார். வந்தது.

"வருதே, பிறகென்ன?" என்றார் கோமதிநாயகம்.

"வருது. ஆனா போன மடிதான் திரும்பி வருதா, வேற மடி வருதான்னு எப்படித் தெரியும்?" என்றார் சங்கிலிபூதம். "அடையாளம் வச்சுப் பாப்போம்."

சாப்பாட்டுத் தட்டோடு வந்த தயிர்க் கிண்ணத்தை மூடியைத் திறந்து அண்ணன் மடியில் வைத்தார்கள். "இப்ப எந்திரி." ஆவுடையப்பன் எழுந்தார். மடி போனது. தயிரும் போனது. மறுபடி உட்கார்ந்தார். மடி வந்தது, தயிர் வரவில்லை.

"தெரிஞ்சு போச்சு" என்றார் சங்கிலிபூதம், துக்க வீட்டில் பேசுவது போல. "இது வேற மடி. பழைய மடி தயிரோட போயிருச்சு."

ஆவுடையப்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பத்து வருஷம் கழிச்சுப் பிறந்த பிள்ளைல. அது மாமன் மடி இல்லாம நிக்கணுமா?"

"விடுண்ணே, இதுவும் உன் மடிதான்" என்று தேற்றினார் சொரிமுத்து. "இனிமே இதையாவது விட்டுராத. லண்டன் போற வரைக்கும் எந்திரிக்காத."

அண்ணனுக்குப் பதிலாகவும் நாங்களே நடக்கிறோம் என்று தம்பிகள் ஏற்றுக்கொண்டார்கள். எல்லாம் சரிதான். ஆனால் குடித்த இரண்டு லிட்டரை மறந்துவிட்டார்கள். அரபிக்கடலைத் தாண்டும்போது ஆவுடையப்பன் நெளிய ஆரம்பித்தார். ஈரானுக்கு மேலே போகும்போது பல்லைக் கடித்தார். அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஏல, நான் எந்திரிச்சே ஆகணும்."

"மடி?"

"அதான் தெரியல."

வழி கண்டுபிடித்தது கோமதிநாயகம். "அண்ணே, மடியை மடிச்சு என்கிட்ட குடு. நான் வச்சிருக்கேன். போயிட்டு வந்து வாங்கிக்கோ."

அண்ணன் மடியில் கிடந்த போர்வையை நாலாக மடித்து, உள்ளே இருக்கும் மடி நழுவாமல் இரண்டு கையாலும் தாங்கி, தம்பி மடியில் வைத்தார்கள். அடுத்த நொடி ஆவுடையப்பனைக் காணோம். திரும்பி வந்தவர் முகம் தெளிந்திருந்தது. மடியை வாங்கி, தடவிப் பார்த்து, "கொஞ்சம் சூடா இருக்கு" என்றார். அதன் பிறகு எத்தனையோ தடவை மடி கை மாறியது. ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை.

லண்டனில் விமானம் இறங்கியது. எல்லோரும் எழுந்து மூட்டை முடிச்சை எடுத்தார்கள். இவர்கள் நாலு பேர் மட்டும் எழவில்லை. இறங்க வேண்டுமென்றால் நாலு பேரும்தான் எழுந்திருக்க வேண்டும். அப்புறம் மடியை வைத்திருக்க யார் உட்கார்ந்திருப்பது?

ஷெர்லின் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு போய், ஒரு சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தாள்.

"இதுல உக்காந்தபடியே வீடு வரைக்கும் போகலாம் அண்ணாச்சி."

"சீட்டுல இருந்து அதுக்கு மாறுதப்ப?"

ஷெர்லின் பெருமூச்சு விட்டாள். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, போர்வையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆவுடையப்பன் நாற்காலிக்கு மாறியதும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருக்கணும் தாயி" என்று நாலு பேரும் கும்பிட்டார்கள்.

வெளியே காத்திருந்த சக்தி, பெரியண்ணனைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும் அலறிவிட்டாள். "அண்ணே! கால் வீங்கிருச்சா? நான் அவ்வளவு சொன்னேனே!"

"காலுக்கு ஒண்ணும் இல்ல தாயி. எந்திரிச்சா மடி போயிரும்லா, அதான். இந்தா, நீ கேட்ட பொருளு." போர்வையை லேசாகத் தூக்கிக் காட்டினார்.

சக்திக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அங்கேயே குழந்தையை அவர் மடியில் போட்டாள். குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. ஆவுடையப்பன் ஆடாமல் அசையாமல், மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையை, கூட வந்திருந்த சக்தியின் மாமனாரும் பார்த்தார். "யார் மடியிலயாவது" என்று சொன்ன வாய் அதற்குப் பிறகு அன்றைக்குத் திறக்கவே இல்லை.

மூன்று மணிக்கு மண்டபத்தில் காதுகுத்து. நகைக்கடைப் பொன்னுத்துரை வந்திருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், கை நடுங்காத மனிதர். மாலை போட்டு, ஆவுடையப்பன் மடியில் குழந்தையை உட்கார வைத்து, தம்பிமார் மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பொன்னுத்துரை ஊசியை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"மாமாமார் எல்லாரும் காதை இறுக்கிப் பிடியுங்கோ. ஆட விடாதேயுங்கோ."

நாலு பேரும் இரண்டு கையாலும் காதை இறுக்கிப் பிடித்தார்கள், அவரவர் காதை. இறுக்கின இறுக்கில் முகம் சிவந்து கண் பிதுங்கியது. குழந்தை நிமிர்ந்து பார்த்தது. நாலு பக்கமும் நாலு மாமன், எட்டு காது, எட்டு கை. கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்தது. அது சிரித்து முடிப்பதற்குள் பொன்னுத்துரை இரண்டு காதையும் குத்திக் கம்மலும் போட்டுவிட்டார்.

"முடிஞ்சுது. இனிக் கையை எடுங்கோ."

ஆவுடையப்பன் கையை எடுத்து, மெதுவாகத் தன் காதுமடலைத் தொட்டுப் பார்த்தார். "முடிஞ்சுருச்சா? சுத்தமா வலிக்கவே இல்லையே! என்ன கைராசி!"

"எனக்கு லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் கோமதிநாயகம்.

அன்றிலிருந்து ஒரு வாரம் நாலு பேரும் காதில் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் தடவிக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்காமல் மல்லாக்கவே தூங்கினார்கள். எட்டாம் நாள் காலையில் கண்ணாடி பார்த்த சொரிமுத்து போட்ட சத்தத்தில் வீடே விழித்துக்கொண்டது. அவர் காதில் கம்மலைக் காணோம். மற்ற மூவரும் ஓடிவந்து பார்த்தார்கள். யார் காதிலும் காணோம். நாலு பேரும் தரையில் தவழ்ந்து, கட்டிலுக்கு அடியில், சோபாவுக்கு அடியில், குழந்தையின் தொட்டிலுக்கு அடியில் மத்தியானம் வரைக்கும் தேடினார்கள். ஒரு கம்மல்கூடக் கிடைக்கவில்லை.

கடைசியில் ஆவுடையப்பன் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "விடுங்கல. ஒண்ணு மட்டும் தொலைஞ்சிருந்தா ஜோடி பிரிஞ்சிருக்கும். எட்டும் சேந்து தொலைஞ்சதுல ஒரு ஜோடிகூடப் பிரியல பாரு."